கடைசி ரெண்டு ஆப்ஷன்ல மாட்டாம இருக்க ஹை யீல்ட் ஃபேக்ட்ஸ எப்படி ரிவைஸ் பண்றது

மெடிக்கல் லைசென்ஸ் எக்ஸாம் எழுதிட்டு வெளிய வர்றவங்க யார்கிட்ட கேட்டாலும் முக்கால்வாசி பேர் ஒரே விஷயத்ததான் சொல்லுவாங்க, "மத்த ஆப்ஷன் எல்லாத்தையும் தூக்கிட்டேன், கடைசில ரெண்டு நின்னுச்சு, அதுல தப்பானத போட்டுட்டு வந்துட்டேன்". முதல் தடவ எழுதினப்போ நானும் இதத்தான் சொன்னேன். ஹை யீல்ட் நோட்ஸ நாலு தடவ வரி வரியா படிச்சிருந்தேன், ஹைலைட்டர் படாத பக்கமே கிடையாது, எந்த ஃபேக்ட் எந்தப் பக்கத்துல எந்த மூலைல இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஆனா எக்ஸாம் அந்த வரிய கேக்கவே இல்ல, அந்த வரிக்கும் அதே மாதிரி இருக்கற இன்னொரு வரிக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு கேட்டுச்சு, அத நான் ஒரு நாள் கூட படிச்சதில்ல. ரெண்டாவது தடவ புதுசா பெருசா எதுவும் படிக்கல, ரிவைஸ் பண்ற முறைய மட்டும் மாத்தினேன், பாஸ் ஆயிடுச்சு. இப்பதான் தயாராக ஆரம்பிக்கறவங்களுக்கு அந்த முறைய படிப்படியா எழுதறேன், நான் இழந்த மாசங்கள நீங்க இழக்க வேணாம்.

முதல்ல ஹை யீல்ட்னா என்னன்னு தெளிவாகிக்கோங்க

நிறைய பேர் அடிக்கடி கேக்கற கேள்வி மட்டும்தான் ஹை யீல்ட்னு நினைக்கறாங்க. பாதி சரி. லைசென்ஸ் எக்ஸாம் எதுக்கு வெக்கறாங்கன்னு யோசிங்க, இந்த ஆள ஒரு பேஷண்ட் முன்னாடி தனியா விடலாமா வேணாமான்னு முடிவு பண்ணத்தான். அதனால திரும்பத் திரும்ப வர்றது என்னன்னா, ஒண்ணு ரொம்ப சாதாரணமா பாக்கற நோய், இன்னொண்ணு அரிதா இருந்தாலும் விட்டா உயிர் போயிடும் ஆனா கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம்ங்கற மாதிரி நோய். டென்ஷன் நியூமோதோராக்ஸ் எடுத்துக்கோங்க, அதாவது நுரையீரலச் சுத்தி காத்து சேந்து அழுத்தறது, மூச்சுத் திணறல், பிபி இறங்குது, ஒரு பக்கம் மூச்சு சத்தமே இல்ல, ட்ரக்கியா (மூச்சுக்குழாய்) மறுபக்கம் தள்ளியிருக்கு, அடுத்து என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க. ஆப்ஷன்ல எக்ஸ்ரேயும் இருக்கும், ஊசி போட்டு காத்த வெளிய எடுக்கறதும் இருக்கும். எக்ஸ்ரேன்னு போடறவர தனியா விட முடியாது, அவ்வளவுதான் அந்தக் கேள்வியோட நோக்கம். இந்தக் கண்ணோட பாத்தா எந்த நோட்ஸ்லயும் எது முக்கியம்னு உங்களுக்கே தெரிய ஆரம்பிச்சிடும்.

அப்புறம் உங்க எக்ஸாம நடத்தறவங்க வெளியிட்டிருக்கற சிலபஸ், எந்த சப்ஜெக்ட்டுக்கு எவ்வளவு வெயிட்டேஜ்னு இருக்கற பட்டியல், அத எடுத்து ஒரு தடவ ஒழுங்கா படிங்க. ஒரு மணி நேரம் கூட ஆகாது. அத செய்யாம யாரோ அனுப்பின அஞ்சு பிடிஎஃப், மூணு வீடியோ சீரிஸ், ரெண்டு ஆப்னு சேத்து வெச்சுக்காதீங்க. ஒரே ஒரு நோட்ஸ், ஒரே ஒரு கொஸ்டின் பேங்க். எதுன்னாலும் பரவால்ல, கடைசி வரைக்கும் அதுதான்.

கேள்வியில இருந்து ஆரம்பிங்க

நோட்ஸ முழுசா முடிச்சிட்டு அப்புறம் கொஸ்டின் பேங்க் போலாம்னு நினைக்கறதுதான் பெரிய தப்பு, ஏன்னா நோட்ஸ் எப்பவுமே முடியாது, முடியும்போது முதல்ல படிச்சது போயிருக்கும். முதல் வாரத்துல இருந்தே தினம் 40 கேள்வி, உங்க எக்ஸாம்ல ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் தர்றாங்களோ அதே வேகத்துல, ஃபோன தூர வெச்சிட்டு. மார்க் கேவலமா வரும். வரட்டும், அந்த மார்க்க யாரும் எங்கயும் பதிய போறதில்ல.

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்ஸ் மாணவர்களுக்கு ஒரு பத்திய படிக்கக் குடுத்து, ஒரு குரூப்ப திரும்பத் திரும்ப படிக்க சொன்னாங்க, இன்னொரு குரூப்ப பாக்காம ஞாபகத்துல இருந்து எழுத சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்போ திரும்பப் படிச்சவங்கதான் ஜெயிச்சாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ எழுதிப் பாத்தவங்க முன்னாடி போயிட்டாங்க. இதுல எனக்கு உறைச்சது என்னன்னா, நமக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிக நம்பிக்கையோட இருந்தது அந்தத் திரும்பத் திரும்ப படிச்ச குரூப்தான். ஹைலைட்டர் அடிச்ச பக்கத்த பாக்கும்போது "ஆமா இது தெரியும்"னு ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிய நம்பாதீங்க.

40 கேள்வி முடிச்சதும் விடைய பாக்கறதுக்கு எழுதின நேரத்த விட ரெண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்க. தப்பானத மூணா பிரிங்க. சுத்தமா தெரியாதது, படிச்சிருக்கேன் ஆனா அந்த நேரத்துல வரல, தெரிஞ்சும் கேள்விய சரியா படிக்கல. முதல் வகைக்கு நோட்ஸ்க்கு போகணும், ரெண்டாவதுக்கு கார்டு (முன்னாடி கேள்வி, பின்னாடி விடை) போடணும், மூணாவதுக்கு எந்த வார்த்தைய விட்டீங்கன்னு எழுதி வெக்கணும், "தவிர", "முதலில்", "மிகவும் சாத்தியமான" இந்த மாதிரி. சரியா வந்ததுலயும் குருட்டாம்போக்குல அடிச்சது இருக்கும், அதையும் தப்புன்னே கணக்கு வெச்சுக்கோங்க, எக்ஸாம் அன்னைக்கு அதே அதிர்ஷ்டம் வரும்னு சொல்ல முடியாது.

ஜோடி ஜோடியா படிங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயத்த மட்டும்தான் எடுத்துட்டு போவீங்கன்னா இத எடுத்துட்டு போங்க. எந்த ஃபேக்ட்டையும் தனியா எழுதாதீங்க, அதோட எது குழம்புமோ அதையும் பக்கத்துலயே வெச்சு, ரெண்டையும் எது பிரிக்குதுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. கேள்வி எழுதறவரும் இதத்தான் செய்யறார், சரியான விடைக்கு ரொம்ப கிட்ட இருக்கற ஒரு தப்பான விடைய தேடிப் பிடிச்சு வெக்கறார், நீங்க அவருக்கு முன்னாடியே அந்த வேலைய செஞ்சு வெச்சிடணும்.

ஒரு பையனுக்கு யூரின் டீ கலர்ல போகுது, கொஞ்ச நாள் முன்னாடி தொண்டை வலி இருந்துச்சுன்னு கேள்வி வருது. போஸ்ட் ஸ்ட்ரெப்டோகாக்கல் குளோமெருலோநெஃப்ரைட்டிஸா, ஐஜிஏ நெஃப்ரோபதியா? ரெண்டுமே கிட்னி நோய்தான். ரெண்டையும் தனித்தனியா கடம் அடிச்சிருந்தா இங்க மாட்டுவீங்க. ஜோடியா படிச்சிருந்தா கண்ணு நேரா நாள் கணக்குக்கு போகும். தொண்டை வலி வந்து 1ல இருந்து 3 வாரம் கழிச்சுன்னா ஸ்ட்ரெப், தொண்டை வலியோட சேந்தே இல்லன்னா ஒண்ணு ரெண்டு நாள்லயேன்னா ஐஜிஏ. அப்புறம் சி3ங்கற ரத்தப் புரோட்டீன், முதலாவதுல குறையும், ரெண்டாவதுல நார்மல். இந்த ரெண்டு விஷயத்துல ஒண்ணாவது கேள்விக்குள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், இல்லன்னா அந்தக் கேள்விக்கு விடையே சொல்ல முடியாது.

இன்னொண்ணு, பிறந்த குழந்தை வாந்தி எடுக்குது. பச்சையா பித்தம் கலந்து முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே வந்தா டியோடினல் அட்ரீசியாவ (சிறுகுடலோட ஆரம்பம் பிறவிலயே அடைச்சிருக்கறது) யோசிக்கணும், எக்ஸ்ரேல டபுள் பபிள், அதாவது ரெண்டு காத்துக் குமிழ் தெரியும், டவுன் சிண்ட்ரோம் இருக்கான்னும் பாக்கணும். பித்தம் இல்லாம, சில வாரம் நல்லா இருந்த குழந்தை பால் குடிச்சதும் பீச்சி அடிக்குதுன்னா பைலோரிக் ஸ்டெனோசிஸ், அதாவது இரைப்பை முடியற இடம் தடிச்சு அடைக்கறது. அடைப்பு எங்க இருக்குன்னு யோசிச்சா வாந்தியோட நிறம் தானா வந்துடும், பித்தநாளம் திறக்கற இடத்துக்கு மேல அடைச்சா பித்தம் எப்படி வாய்க்கு வரும்? அதே யோசனைல இன்னும் ஒரு படி போனா, வயித்து ஆசிட் வெளிய கொட்டறதால குளோரைடு குறைஞ்ச மெட்டபாலிக் ஆல்கலோசிஸ் (ரத்தம் காரமாகறது) வரும்ங்கறதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

பி12, ஃபோலேட். ரெண்டுலயும் ரத்த சிவப்பணு பெருசாகும், ரெண்டுலயும் ஹோமோசிஸ்டீன் ஏறும். மீதைல்மலோனிக் ஆசிட் ஏறறது பி12 குறைஞ்சா மட்டும்தான், கால் மரத்துப் போறது, தள்ளாடி நடக்கறதும் பி12தான். பி12 குறைபாட்டுக்கு ஃபோலேட் மட்டும் குடுத்தா அனீமியா சரியான மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும், அதனாலதான் இந்த ஜோடி எக்ஸாமுக்கு அப்புறமும் உங்க கூடவே வரணும்.

கண்ண அசைக்கற மூணாவது கிரேனியல் நர்வ் எதனால கெட்டுச்சுங்கறது எனக்கு ரொம்ப புடிச்ச ஜோடி. கண் இமை தொங்குது, கண்ணு வெளிப்பக்கம் கீழ திரும்பி நிக்குது. பியூப்பில் நார்மலா இருந்தா பெரும்பாலும் சுகரால வந்தது, பியூப்பில் விரிஞ்சிருந்தா போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் ஆர்ட்டரில அன்யூரிசம் (மூளை ரத்தக்குழாய்ல வீக்கம்) அழுத்துதோன்னு உடனே ஓடணும். ஏன்? பியூப்பில சுருக்கற நார்கள் அந்த நரம்போட வெளி ஓரத்துல ஓடுது, வெளிய இருந்து அழுத்தினா அதுதான் முதல்ல நசுங்கும், சுகர்ல கெடறது நரம்புக்கு நடுவுல இருக்கற சின்ன ரத்தக்குழாய், அதனால ஓரம் தப்பிச்சிடும். இந்த ஒரு காரணம் தெரிஞ்சா போதும், எது எதுன்னு ஜென்மத்துக்கும் மாறிப் போகாது.

வரிசை கேக்கற கேள்விகள்

இது தனி ரகம். எல்லா ஆப்ஷனும் சரியான சிகிச்சைதான், ஆனா எது முதல்லன்னு கேப்பாங்க. நான் இதுக்குன்னு தனியா ஒரு பக்கம் வெச்சிருந்தேன், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மாத்தி செஞ்சா என்ன ஆகும்னு எழுதி. பொட்டாசியம் ஏறி இசிஜி மாறியிருந்தா முதல்ல கால்சியம், அது பொட்டாசியத்த ஒரு துளி கூட குறைக்காது, இதயத்த மட்டும் காப்பாத்தும், அந்த நேரத்துக்குள்ள இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்ளும். டயாபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ்ல (இன்சுலின் இல்லாம ரத்தம் அமிலமாகறது) இன்சுலின் போடறதுக்கு முன்னாடி பொட்டாசியம் பாக்கணும், குறைவா இருந்தா முதல்ல அத ஏத்தணும், ஏன்னா ரிப்போர்ட்ல நார்மலா தெரிஞ்சாலே உடம்புல மொத்த பொட்டாசியம் குறைஞ்சுதான் இருக்கும், குறைஞ்சு தெரியும்போது இன்சுலின் போட்டா இருக்கறதும் செல்லுக்குள்ள ஓடி ஹார்ட் ரிதம் கெட்டுடும். ஃபியோக்ரோமோசைட்டோமால (அட்ரினலின் மாதிரி ஹார்மோன் சுரக்கற கட்டி) ஆல்ஃபா பிளாக்கர் முதல்ல, பீட்டா அப்புறம், மாத்தினா ஆல்ஃபாவ தடுக்க ஆளில்லாம பிபி எகிறும். குடிப்பழக்கம் இருக்கற, சாப்பாடு இல்லாம கெடந்த பேஷண்டுக்கு தயமின் முதல்ல, அப்புறம் குளுக்கோஸ், இல்லன்னா மிச்சம் இருக்கற தயமினும் செலவாகி வெர்னிக்கேங்கற மூளை பாதிப்பு வரலாம். இங்க ஒரு விஷயத்த சேத்து எழுதிக்கோங்க, சுகர் நிஜமாவே அடிமட்டத்துல இருந்தா தயமினுக்காக குளுக்கோஸ காக்க வெக்கக் கூடாது, ரெண்டையும் சேத்தே குடுப்பாங்க. வார்ஃபரின் ஆரம்பிக்கும்போது ஹெப்பாரினும் கூடவே ஏன் ஓடணும்? வார்ஃபரின் உறைய வெக்கற 2, 7, 9, 10 ஃபேக்டர்கள மட்டும் இல்லாம உறையாம பாத்துக்கற புரோட்டீன் சி, எஸ் ரெண்டையும் குறைக்குது, அதுல புரோட்டீன் சி சீக்கிரமே காலியாகறதால முதல் சில நாள் ரத்தம் இன்னும் அதிகமா உறையலாம்.

நெமோனிக் (முதல் எழுத்துகள வெச்சு ஞாபகம் வெக்கற வாக்கியம்) பத்தி கேப்பீங்க. காரணமே இல்லாத பட்டியலுக்கு வெச்சுக்கோங்க, 12 கிரேனியல் நர்வ் வரிசை மாதிரி. காரணம் இருக்கற இடத்துல நெமோனிக் வெச்சா எக்ஸாம் ஹால்ல எழுத்து ஞாபகம் வரும், எழுத்து எதுக்குன்னு வராது.

கார்டு போடறது

கார்டுல "மினிமல் சேஞ்ச் டிசீஸ் பத்தி சொல்லு"ன்னு எழுதாதீங்க (இதுவும் ஒரு கிட்னி நோய்), அது கார்டு இல்ல, பாடம். இப்படி எழுதுங்க: "4 வயசு குழந்தை, முகமும் காலும் வீங்கியிருக்கு, யூரின்ல புரோட்டீன் கொட்டுது, ரத்தம் இல்ல, பிபி நார்மல், சி3 நார்மல், பயாப்சிக்கு முன்னாடி என்ன குடுப்பீங்க?" பின்னாடி ஒரே வார்த்தை, ஸ்டீராய்டு. அதுக்குக் கீழ சின்னதா, எது இருந்தா இந்த விடை மாறும்னு ஒரு வரி.

எப்ப திரும்பப் பாக்கறதுன்னா, அடுத்த நாள், மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம், மூணு வாரம், இப்படி இடைவெளிய கூட்டிக்கிட்டே போங்க. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே அர்த்தமில்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி எவ்வளவு வேகமா மறக்குதுன்னு கணக்கு எடுத்து வெச்சிருக்கார், ஆரம்பத்துல மளமளன்னு மறந்து அப்புறம் மெதுவா மறக்கும். மறக்கப் போற நேரத்துல கஷ்டப்பட்டு இழுத்து எடுக்கறதுதான் ஞாபகத்த கெட்டிப்படுத்தும். ஆங்கி மாதிரி ஆப் இந்த நாள் கணக்க தானே பாத்துக்கும், பேப்பர் கார்டுன்னா அஞ்சு பெட்டி வெச்சு, சரியா சொன்னா அடுத்த பெட்டிக்கு, தப்பா சொன்னா முதல் பெட்டிக்கு. ரெடிமேட் டெக் ஆயிரக்கணக்குல கிடைக்குது, ஆனா நீங்க தப்பு பண்ணின கேள்வில இருந்து நீங்களே எழுதின 300 கார்டு அதவிட உபயோகமா இருக்கும்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஒரு நாளைக்கு புது கார்டு 20க்கு மேல வேணாம், இல்லன்னா ரெண்டு வாரத்துல பாக்கி மலை மாதிரி குவிஞ்சு மொத்தமா விட்டுடுவீங்க, நான் விட்டிருக்கேன்.

கணக்க பாத்து ஓடாதீங்க

பயோஸ்டாட்ஸ், அதாவது மருத்துவப் புள்ளியியல், நிறைய பேர் கடைசிக்குத் தள்ளி வெக்கறாங்க, இதவிட சுலபமா மார்க் வர்ற இடம் இல்ல. ஃபார்முலா மனப்பாடம் பண்ணாம 1000 பேர வெச்சு போட்டுப் பாருங்க. நோய் 1 சதவீதம் பேருக்கு இருக்கு, டெஸ்ட்டோட சென்சிட்டிவிட்டி (நோய் இருக்கறவங்கள்ல பாசிட்டிவ் வர்றது) 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டியும் (நோய் இல்லாதவங்கள்ல நெகட்டிவ் வர்றது) 90. 1000 பேர்ல 10 பேருக்கு நோய், அதுல 9 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோய் இல்லாத 990 பேர்ல 99 பேருக்கும் பாசிட்டிவ் வந்துடும். ஆக மொத்தம் பாசிட்டிவ் 108, நிஜமா நோய் இருக்கறது 9 பேர், அதாவது சுமார் 8 சதவீதம்தான். இத ஒரு தடவ கையால போட்டுட்டா நோய் அரிதா இருந்தா பாசிட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ (பாசிட்டிவ் வந்தவங்கள்ல நிஜமா நோய் இருக்கறவங்க சதவீதம்) ஏன் குறையுதுன்னு யாரும் உங்களுக்கு சொல்லித் தர வேண்டாம். ரத்தத்தோட ஆசிட் பேஸ் கணக்கும் இப்படித்தான், அனயான் கேப் (ரத்த உப்புகளோட வித்தியாசம்), அப்புறம் மெட்டபாலிக் அசிடோசிஸ்ல எதிர்பாக்கற கார்பன் டை ஆக்சைடு 1.5ஐ பைகார்பனேட்டால பெருக்கி 8 கூட்டினா வரும், 2 முன்ன பின்ன. தினம் ஒண்ணு, பத்து நாள் போட்டா கை பழகிடும்.

நோட்ஸ் எந்த வருஷத்துதுன்னு பாருங்க

சீனியர் குடுத்த நோட்ஸ் தங்கம்தான், ஆனா அனாட்டமி மாறாது, சிகிச்சை மாறும். சிபிஆர்ல 2010க்கு முன்னாடி ஏர்வே முதல்ல, அந்த வருஷம் வந்த கைட்லைன்ல நெஞ்ச அமுக்கறது முதல்லன்னு மாத்திட்டாங்க. ஆஸ்துமால 2019ல ஆஸ்துமா கைட்லைன் வெளியிடற ஜினா அமைப்பு பெரியவங்களுக்கும் டீனேஜ் பசங்களுக்கும் சால்பியூட்டமால் மாதிரி ரிலீவர் மட்டும் தனியா குடுக்க வேணாம், ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேத்துதான்னு சொல்லிட்டாங்க. ஸ்கிரீனிங் வயசு, தடுப்பூசி அட்டவணை இதெல்லாம் நாட்டுக்கு நாடும் மாறும், அதனால எந்த நாட்டு லைசென்ஸுக்கு எழுதறீங்களோ அந்த நாட்டுதுதான் உங்களுக்கு சரி.

கடைசி ரெண்டு வாரம்

புதுசா எதையும் தொடாதீங்க, யாராவது புது பிடிஎஃப் அனுப்பினா திறக்கவே திறக்காதீங்க. ஜோடி பக்கங்கள், வரிசை பக்கம், தப்பு பண்ணினத எழுதி வெச்ச நோட்டு, இந்த மூணு மட்டும். நடுவுல ரெண்டு முழு மாக் டெஸ்ட், எக்ஸாம் நடக்கற அதே நேரத்துல, அதே இடைவேளையோட. உக்காந்து எழுதற உடம்பு பழக்கம் வேணும், நிறைய பேர் கடைசி மணி நேரத்துல படிப்பால தோக்கறதில்ல, சோர்ந்து போய்தான் தோக்கறாங்க. முந்தின நாள் ராத்திரி தூங்குங்க, அன்னைக்கு ராத்திரி படிக்கற 30 ஃபேக்ட்டுக்காக மூணு மாசம் படிச்சத மங்க விடாதீங்க.

ஹால்ல நீளமான கேள்வி வந்தா கடைசி வரிய முதல்ல படிங்க, நோய கேக்கறாங்களா, அடுத்த டெஸ்ட்டா, சிகிச்சையான்னு தெரிஞ்சிட்டு மேல போங்க, அப்பதான் எத தேடி படிக்கறோம்னு கண்ணுக்குத் தெரியும். ரெண்டு ஆப்ஷன்ல வந்து நின்னுட்டீங்கன்னா மறுபடி ஆப்ஷனையே முறைச்சுப் பாக்காதீங்க, கேள்விக்குப் போங்க, வயசு, நாள் கணக்கு, ஒரு லேப் வேல்யூ, ஒரு மருந்து பேரு, ரெண்டையும் பிரிக்கற ஒரு வார்த்தைய தேடுங்க. கிடைச்சிடுச்சுன்னா, ஏற்கனவே வேற ஆப்ஷன போட்டிருந்தாலும் மாத்துங்க. முதல்ல தோணினத மாத்தக் கூடாதுன்னு சொல்லுவாங்க, ஆனா விடைய மாத்தினவங்கள ஆராய்ஞ்சு பாத்தப்போ தப்புல இருந்து சரிக்கு மாத்தினதுதான் அதிகமா இருந்துச்சு. அந்த வார்த்தை கிடைக்கலன்னா ஒண்ண போட்டுட்டு, மார்க் பண்ணி வெச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க, நேரம் மிஞ்சினா திரும்பி வரலாம்.